தம்பிக்கு முந்திவந்த முதுமை



விழுப்புரத்தில் எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலில் ஒரு ஜும்ஆ நாளன்று, இளைஞர் ஒருவர் நாற்காலியைக் கொண்டுவந்து என் தம்பியின் அருகில் வைத்து, "பெரியவரே, இதில் உட்காருங்கள்" என்றார். அருகில் நின்ற எனக்கு வயது 46. தம்பிக்கு 39.

தம்பி டவுன் சின்ட்ரோமுடன் பிறந்தவன். அல்ஃபாத்திஹா அத்தியாயத்தை அவன் நாவில் பதியவைக்க அம்மாவுக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன. மவ்த்துக்கு முன் அம்மா என் கையைப் பற்றி, "இவன் உன்னிடம் அமானிதம்" என்றார். நான் திண்டிவனத்தில் மதரஸா ஆசிரியன். காலையில் பேருந்தேறினால் வீடு திரும்ப இஷா ஆகிவிடும். அமானிதத்தை என் மனைவியே பெரும்பாலும் சுமந்தாள்.

ஈராண்டுகளுக்கு முன் அவன் மாறத் தொடங்கினான். தோல் வறண்டது, குரல் கரகரத்தது, பகலெல்லாம் உறங்கினான். பாங்கு கேட்டால் முதலில் எழுபவன், எழுப்பினாலும் எழவில்லை. ஒருநாள் ஃபாத்திஹாவின் நடுவில் நின்று என்னையே பார்த்தான். "இத்தகையவர்களுக்குச் சீக்கிரம் வயதாகிவிடும்" என்றனர் உறவினர். நானும் அதை ஏற்றேன். என்னிடம் அதற்கு ஆதாரமும் இருந்தது! மருத்துவம் செய்யலாமா என்று கேட்ட கிராமத்து அரபியருக்கு, மருத்துவம் செய்யுங்கள் என்றும், முதுமையைத் தவிர எந்த நோயையும் அல்லாஹ் மருந்தின்றி வைக்கவில்லை என்றும் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்த செய்தி அபூதாவூதில் உள்ளது. அந்த விதிவிலக்கை மட்டும் பிடித்துக்கொண்டு அமர்ந்துவிட்டேன்.

மனைவியின் வற்புறுத்தலால் அவனைப் புதுச்சேரிக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் அம்மையார் முதலில் கேட்டது ஒன்றே: "இவருக்குத் தைராய்டு பரிசோதனை கடைசியாக எப்போது செய்தீர்கள்?" ஒருபோதும் செய்ததில்லை என்று சொல்ல எனக்கு நாணமாக இருந்தது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக உள்ளது என்பதை 1959இல் பிரெஞ்சு மருத்துவர் லெஜூன் வெளியிட்டார். கிருமி நுழைந்தால் உடலை எச்சரிப்பது இன்டர்ஃபெரான் என்னும் புரதம். அந்த எச்சரிக்கையை ஏற்கும் வாங்கிகளுக்கான ஆறு மரபணுக்களில் நான்கு அதே குரோமோசோமில் உள்ளன. ஆகவே கிருமி இல்லாதபோதும் அவர்கள் உடல் போர்க்கோலத்திலேயே இருக்கிறது. மறுபுறம், எதிர்ப்பு அணுக்களைப் பயிற்றுவிக்கும் தைமஸ் சுரப்பி அவர்களுக்குச் சிறியது. எனவே சளிக்காய்ச்சல் எளிதில் நிமோனியாவாகிறது. பயிற்சி குன்றிய அணுக்கள் சிலவேளை சொந்தத் தைராய்டையே தாக்குகின்றன. ஓயாத இந்த அழற்சி முதுமையை விரைவுபடுத்தும் காரணங்களுள் ஒன்று.

அழற்சி என்னும் சொல் அழல், அதாவது நெருப்பு, என்பதிலிருந்து வந்தது. அரபியில் அதனை 'இல்திஹாப்' என்பர்; அதன் வேர் 'லஹப்', தீச்சுடர். சூரா மர்யமில் ஸகரிய்யா (அலை) அவர்கள் தம் முதுமையை இறைவனிடம் முறையிடும்போது, நரையைத் தலையில் பற்றிய தீயாகவே கூறுகிறார்கள். பலமுறை பாடம் நடத்திய வசனம்தான். என் வீட்டில் அந்தத் தீ முப்பத்தேழு வயதில் பற்றியதை நான் காணவில்லை.

இரத்தப் பரிசோதனையில் தைராய்டு மிகக் குறைந்திருந்தது. ஈறுகளில் நெடுநாள் சீழும் இருந்தது. தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, பற்களுக்குச் சிகிச்சை, நிமோனியாவுக்கும் ஃப்ளூவுக்கும் தடுப்பூசி, அவ்வளவுதான். மூன்றாம் மாதத்தில் ஒரு ஃபஜ்ரில் அவனே என் அறைக்கதவைத் தட்டி, "அண்ணே, பாங்கு" என்றான். நான் ஸஜ்தாவில் நெடுநேரம் அழுதேன்.

முழுதும் குணமாகிவிட்டான் என்று எழுத இயலாது. நாற்பதைக் கடக்கும் இவர்களுள் பெரும்பாலோர் மூளையில் அல்சைமர் நோயின் படிவுகள் தோன்றிவிடும் என்றும், மறதி ஒருநாள் மெய்யாகவே வரக்கூடும் என்றும் அம்மையார் மறைக்காமல் சொன்னார். அந்நாள் வரும்போது அவன் கையைப் பிடித்துக்கொள்வோம். ஆனால் மருந்துள்ள நோயை முதுமை என்று பெயரிட்டு ஒதுக்க எனக்கு உரிமையில்லை.

பிள்ளைப் பருவத்திலேயே முதுமைத் தோற்றம் தரும் புரோஜீரியா என்னும் மிக அரிய நோயில், சராசரியாகப் பதினான்கு வயதளவில் இதயநோயால் உயிர் பிரியும். அதற்குக் காரணமான மரபணுவை 2003இல் கண்டறிந்தனர். 2020இல் லோனாஃபார்னிப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அது நோயை நீக்காது. ஆயுளைச் சற்று நீட்டுகிறது. முதுமை என்று தோன்றுவதெல்லாம் அந்த விதிவிலக்கில் அடங்கிவிடாது என்பதை இதிலிருந்தும் அறிந்தேன்.

இத்தகைய அமானிதம் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். ஆண்டுக்கொருமுறை தைராய்டு, கண், செவி, பற்களைப் பரிசோதியுங்கள். உறக்கத்தில் மூச்சுத் திணறுகிறதா என்று கவனியுங்கள். திடீரென ஒடுங்கினால் "வயதாகிவிட்டது" என்று சொல்லுமுன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். முயற்சிக்குப் பின் வருவதே தவக்குல்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவர்களைக் குறித்து நாளை வினவப்படும்போது, நாணித் தலைகுனியாத நிலையை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.