செவலைக்கு வந்த மடிநோய்

பட்டணத்துல இருந்து வர்ற நண்பர்கள் தோட்டத்தைச் சுத்திப் பார்த்துட்டு, காபி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள ஒரு கேள்வி கேட்பாங்க. "அஞ்சு மாடு வெச்சிருக்கீங்களே, மாசம் எவ்வளவு நிக்கும்?" தீவனச் செலவு, புண்ணாக்கு விலை, சொசைட்டியில லிட்டருக்கு என்ன தர்றாங்க எல்லாம் சொல்லுவேன். ஒண்ணை மட்டும் சொல்லாம விட்டுருவேன். அதைச் சொல்ல வெக்கமா இருந்தது. இன்னைக்கு எழுதிடறேன்.

போன ஐப்பசி. ராத்திரி முழுக்க மழை. காலையில நாலரை மணிக்குக் கட்டுத்தரைக்குப் போனா தரையெல்லாம் சொதசொதன்னு கிடக்குது. போசியை எடுத்துக்கிட்டு செவலைக்குப் பக்கத்துல உக்காந்தேன். செவலை எங்க வீட்டுக் கலப்பின ஜெர்சி. மூணாவது ஈத்து, கன்னு போட்டு ரெண்டு மாசம். ஒரு நாளைக்கு ஒன்பது லிட்டர் கறக்கும். சின்னப் புள்ளைங்க போய்க் காலைக் கட்டிப் பிடிச்சாலும் அசையாது. அன்னைக்குப் பின்பக்க இடது காம்புல கை வெச்சதும் காலை உதறுச்சு. தொட்டுப் பார்த்தா அந்தப் பக்கத்து மடி கல்லு மாதிரி இருக்குது, காய்ச்சல் அடிக்கிற நெத்தி மாதிரி சுடுது. ஒரு பீச்சு பீச்சினேன். பால் வரலை. மஞ்சள் தண்ணியும் அதுக்குள்ள தயிர்த்துணுக்கு மாதிரி திரிதிரியாவும் வந்தது.

மாடு வெச்சிருக்கிறவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம். மடிநோய். மடிவீக்கம்னும் சொல்லுவாங்க.

டாக்டர் மத்தியானம் வந்தார். மடியைத் தடவிப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார். ஊசி போட்டார். பாலை முழுசா பீச்சி எடுத்துட்டு, காம்பு ஓட்டை வழியா உள்ள செலுத்துற மருந்து ட்யூப் ஒண்ணை ஏத்தினார். மூணு நாளைக்கு இப்படி ஏத்தணும்னு சொன்னார். நான் கேட்டேன், "ராத்திரி மழையில படுத்ததால வந்துருச்சுங்களா?"

"மழை ஒரு காரணம்தாங்க. ஆனா இது நேத்து வந்த நோய் மாதிரி தெரியலை. மத்த மாட்டையும் பார்த்துருவோம்" என்றார்.

பையில இருந்து ஒரு பிளாஸ்டிக் தட்டு எடுத்தார். அதுல நாலு குழி. ஒவ்வொரு காம்புக்கும் ஒரு குழி. கொஞ்சம் பாலைப் பீச்சி, அதே அளவுக்கு ஒரு கரைசலை ஊத்தி, தட்டை மெல்லச் சுத்தினார். நல்ல பாலா இருந்தா தண்ணியாவே ஓடும். நோய் இருந்தா கஞ்சி மாதிரி கெட்டியாகும். கரைசல்ல பெரிய ரகசியம் ஒண்ணும் இல்லை, சோப்பு வகைதான். மடிக்குள்ள கிருமி புகுந்தா, அதோட சண்டை போட ரத்தத்துல இருந்து வெள்ளை அணுக்கள் பாலுக்குள்ள இறங்கும். சோப்பு பட்டதும் அந்த அணுக்கள் உடைஞ்சு கெட்டியாகுது, அவ்வளவுதான். அமெரிக்காவுல கலிபோர்னியாவுல கண்டுபிடிச்ச சோதனை, அதனால அந்த ஊர்ப் பேரே அதுக்கு இருக்குது.

அஞ்சு மாட்டுல செவலையை விட்டுட்டா மீதி நாலு. அதுல ரெண்டு மாட்டுப் பால் கெட்டியாச்சு. கருப்பிக்கு ஒரு காம்பு, வெள்ளச்சிக்கு ரெண்டு காம்பு. எனக்கு நம்பிக்கையே வரலை. அன்னைக்குக் காலையிலதான் அந்த ரெண்டையும் கறந்து சொசைட்டிக்கு ஊத்திட்டு வந்திருக்கேன். வீக்கம் இல்லை, சூடு இல்லை, பால் வெள்ளைவெளேர்னு இருந்தது. வெள்ளச்சி ரெண்டு மாசமா அரை லிட்டர், ஒரு லிட்டர் குறைச்சலா கறந்துக்கிட்டிருந்தது உண்மை. வெயில்னு நினைச்சேன், அப்புறம் தீவனம் மாத்தினதாலன்னு நினைச்சேன்.

மடிநோயில ரெண்டு வகை. கண்ணுக்குத் தெரியறது ஒண்ணு. தெரியாம உள்ளுக்குள்ளயே இருக்கிறது இன்னொண்ணு. தெரியாததுதான் அதிகம், நட்டமும் அதுலதான் அதிகம். மாடு நல்லாத் தின்னும், நல்லா அசை போடும், பால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமா குறையும். போதாததுக்கு அந்த மாட்டுல இருந்து அடுத்த மாட்டுக்கு ஒட்டிக்கிட்டே இருக்கும்.

"எப்படிங்க ஒட்டுது?"ன்னு கேட்டேன். டாக்டர் சிரிச்சார். "எப்படிக் கறக்கறீங்கன்னு கொஞ்சம் கறந்து காட்டுங்க."

இருபத்தஞ்சு வருசமா கறக்கிறேன். எங்கப்பா சொல்லிக் கொடுத்தது. கட்டைவிரலை உள்ள மடக்கி, அந்தக் கணுவுல காம்பை அழுத்தி இழுக்கிறது. சீக்கிரம் கறக்கலாம், சர்ர்னு நுரை கட்டும். காட்டினேன். டாக்டர் தலையை ஆட்டினார். "இந்தக் கணு அழுத்தற இடத்துல காம்புக்கு உள்ள காயம் ஆகும். காயம்பட்ட இடத்துல கிருமி சுலபமா குடியேறும். அஞ்சு விரலும் காம்பைச் சுத்திப் பிடிச்சு, மேல இருந்து கீழ ஒவ்வொரு விரலா அழுத்தணும். கன்னுக்குட்டி இழுத்துக் கடிச்சா குடிக்குது? வாய்க்குள்ள வெச்சு அழுத்தித்தான குடிக்குது."

அடுத்த கேள்வி. மடி துடைக்க எத்தனை துணி? ஒண்ணுதான். ஒரு வாளித் தண்ணியில நனைச்சு நனைச்சு அஞ்சு மாட்டுக்கும் அதேதான். எந்த மாட்டை முதல்ல கறக்கறீங்க? செவலையை. வாசலுக்குப் பக்கத்துல நிக்கறது அதுதான். கறந்து முடிச்சதும்? அவிழ்த்து விட்டுருவேன், அது போய்ப் படுத்துக்கும்.

டாக்டர் கோபப்படலை. கோபப்பட்டிருந்தாத் தேவலைன்னு இருந்தது. கறந்து முடிச்சு அரை மணி நேரத்துக்காவது காம்போட வாய் முழுசா மூடாம இருக்கும்னு சொன்னார். அந்த நேரத்துல மாடு சாணியில படுத்தா, கதவைத் திறந்து வெச்சுத் திருடனைக் கூப்பிட்ட கதைதான். செவலை மடியில இருந்த கிருமியை என் கையிலயும் அந்தத் துணியிலயும் ஏத்தி, கருப்பிக்கும் வெள்ளச்சிக்கும் கொண்டு போய்க் கொடுத்தது வேற யாரும் இல்லை, நான்தான். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, தவறாம.

போகும்போது இன்னொண்ணு சொன்னார். "கடைசி ட்யூப் போட்டதுல இருந்து நாலு நாளைக்கு செவலை பாலை யாருக்கும் ஊத்தாதீங்க. நாலு காம்புப் பாலும்தான். கன்னுக்கும் விடாதீங்க."

மருந்து மூணு நாள், அதுக்கப்புறம் நாலு நாள். ஏழு நாள். நோய் வந்த காம்பு போக மத்த மூணுல நல்ல பாலாத்தான் வருது. ஆனா ஊசி மருந்து ரத்தத்துல கலந்து எல்லா காம்புலயும் இறங்கும். அன்னைய விலை லிட்டர் 35 ரூபாய். பழைய கறவைக் கணக்குல பார்த்தா 63 லிட்டர், 2,205 ரூபாய். மருந்துச் செலவு தனி.

வீட்டுல சண்டை அங்கதான் ஆரம்பிச்சது. அம்மா சொன்னாங்க, "ஏஞ்சாமி, உங்கப்பன் காலத்துல ஊசி போட்ட மாட்டுப் பாலை ஊத்தாமயா இருந்தோம்? யாரு செத்தா? பாலைக் கீழ கொட்டறது பாவம்டா."

அம்மா சொன்னதுல பொய் இல்லை. ஊருக்குள்ள பாதிப் பேர் ஊத்தத்தான் செய்யறாங்க. சொசைட்டியில கொழுப்பும் சத்தும் எவ்வளவுன்னு பார்த்துக் காசு போடுவாங்க. மருந்து இருக்குதான்னு எங்க ஊர்ல அன்றாடம் யாரும் பார்க்கிறதில்லை. என் ஒன்பது லிட்டரை ஊர்ப் பாலோட கலந்துட்டா யாருக்கும் தெரியாது. எனக்கும் கை நமநமன்னுதான் இருந்தது. மாசக் கடைசி, பையன் ஸ்கூல் ஃபீஸ் வேற கட்டணும்.

உங்க வீட்டுக்கு வர்ற பால் பாக்கெட்டுக்குள்ள இந்த மாதிரி ஒரு காலை நேரம் இருக்குதுன்னு நீங்க நினைச்சிருக்க மாட்டீங்க. காய்ச்சினா மருந்து போயிரும்னு பலர் நினைக்கிறாங்க. கிருமிதான் சாகும், மருந்து பெரும்பாலும் அப்படியே இருக்கும். அந்த மருந்து ஒத்துக்காதவங்களுக்கு அதுவே வில்லங்கம். கொஞ்சம் கொஞ்சமா உடம்புக்குள்ள போய்க்கிட்டே இருந்தா, நாளைக்கு நிஜமா நோய் வரும்போது அந்த மருந்துக்குக் கிருமி அடங்காம போகலாம். தயிருக்கு உறை ஊத்தினாக்கூடச் சரியா உறையாது. தயிராக்குறதும் கிருமிதான, மருந்து அதையும் கொன்னுருது. (உறையாத தயிருக்கெல்லாம் இதுதான் காரணம்னு பால்காரர்கிட்ட சண்டைக்குப் போயிராதீங்க. குளிர் காலத்துலயும் உறையாது.)

என் மனசை மாத்தினது இவ்வளவு அறிவியல்னு சொன்னா அது பொய். அன்னைக்குச் சாயங்காலம் கன்னுக்குட்டி கத்துச்சு. அம்மா அவங்களாவே போய் அதைச் செவலைக்கிட்ட விடாம இழுத்துக் கட்டிட்டு, கருப்பியோட நல்ல காம்புல கறந்த பாலைக் கொண்டுவந்து ஊட்டினாங்க. "கன்னுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரில்ல" என்றாங்க. கன்னுக்கு ஆகாதது ஊரான் வீட்டுப் புள்ளைக்கு மட்டும் ஆகுமாம்மான்னு கேட்டேன். அம்மா பதில் சொல்லலை. வேலியோரம் குழி வெட்டி ஏழு நாளும் அதுல கொட்டி மண்ணைத் தள்ளினேன். கட்டுத்தரையில கொட்டக் கூடாது, அதுல இருந்தே மறுபடி ஒட்டும். முதல் நாள் கொட்டும்போது அம்மா வீட்டுக்குள்ள போயிட்டாங்க.

கருப்பிக்கும் வெள்ளச்சிக்கும் டாக்டர் ஊசி போடலை. கை மருந்து சொன்னார். சோத்துக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூணையும் அரைச்சா நல்லா சிவந்து வரும். அதுல ஒரு கை எடுத்துத் தண்ணியில கரைச்சு, பாலை முழுசா பீச்சி மடியைக் கழுவிட்டு, மடி முழுக்கத் தடவணும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, அஞ்சு நாள். கூடவே தினம் ரெண்டு எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தின்னக் கொடுக்கணும், மூணு நாளைக்கு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் தேசிய பால்வள வாரியமும் பரப்புற முறை இது. பத்துத் தடவைங்கறது சொல்றதுக்குச் சுலபம். என் வீட்டுக்காரிதான் அஞ்சு நாளும் செஞ்சா. கை ரெண்டும் மஞ்சளாவே இருந்தது. பத்து நாள் கழிச்சுத் தட்டுல ஊத்திப் பார்த்தோம். கருப்பிக்குச் சரியாயிருச்சு. வெள்ளச்சிக்கு ஒரு காம்பு சரி, இன்னொண்ணு லேசா கெட்டியாச்சு. மறுபடி அஞ்சு நாள் தடவினோம்.

செவலைக்கு அந்தக் காம்பு திரும்பவே இல்லை. உயிர் பிழைச்சது, காய்ச்சல் விட்டது, வீக்கம் வடிஞ்சது. ஆனா அந்தக் கால்பாகத்துல பால் வத்திருச்சு. ஊர்ல இதைக் காம்பு செத்துப்போச்சுன்னு சொல்லுவோம். தை மாசம் வியாபாரி ஒருத்தர் வந்து பார்த்தார். "ஏனுங்க, மூணு காம்பு மாட்டுக்கு நான் என்னங்க விலை சொல்றது?" என்று பாதி விலைக்குக் கேட்டார். அந்தக் காசு எங்க போகும்னு எனக்குத் தெரியும், மாடு எங்க போகும்னும் தெரியும். என் விரல் கணுவுக்கு அது ஏன் போகணும்? கொடுக்கலை.

இப்ப எங்க வீட்டுக் கறவை முறையே வேற. நோய் இல்லாத மாட்டை முதல்ல கறக்கிறது, செவலையைக் கடைசியா. ஒவ்வொரு மாட்டுக்கும் தனித் துணி, சாயங்காலம் வெந்நீர்ல அலசிக் காயப் போடறது. முதல் ரெண்டு பீச்சு ஒரு கருப்புத் தட்டுல. திரி இருந்தா அதுல பளிச்சுன்னு தெரிஞ்சுரும். நகம் வெட்டியிருக்கணும். கறந்ததும் ஒவ்வொரு காம்பையும் அயோடின் கரைசல்ல முக்கி எடுக்கிறது. கறந்து முடிச்ச கையோட சோளத்தட்டோ தீவனப்புல்லோ போட்டுருவோம், தின்னுக்கிட்டு அரை மணி நேரம் நிக்கும். மாசம் ஒரு தடவை எல்லா மாட்டுக்கும் தட்டுச் சோதனை. இது எல்லாத்துக்கும் ஆகற செலவு, அன்னைக்குக் குழியில கொட்டின பாலை விடக் கம்மி. கட்டைவிரலை மாத்தத்தான் ரொம்ப நாள் ஆச்சு. அவசரத்துல கறந்தா இன்னமும் தானா மடங்குது.

செவலை இப்ப எட்டு மாசச் சினை. கன்னு போட ரெண்டு மாசம் இருக்கும்போதே கறவையை நிறுத்தி, கடைசிக் கறவை அன்னைக்கு டாக்டர் மத்த மூணு காம்புக்கும் மருந்து ஏத்தினார். பால் வத்தின காலத்துலதான் உள்ள ஒளிஞ்சிருக்கிற கிருமியைப் பிடிக்கறது சுலபமாம். ஐப்பசிக்குள்ள கன்னு போட்டுரும். மூணு காம்புல ஆறோ ஏழோ லிட்டர் கறந்தாப் போதும்.

நேத்து எனக்கு வெளியூர் வேலை. சாயங்காலம் வரத் தாமதமாயிருச்சு. கட்டுத்தரையில அம்மா வெள்ளச்சியைக் கறந்துட்டு, அயோடின் கிண்ணத்தைப் பிடிச்சு ஒவ்வொரு காம்பா முக்கிக்கிட்டிருந்தாங்க. என்னைப் பார்த்துட்டு, "தட்டு அள்ளிப் போடுடா, அது படுத்துக்கும்" என்றாங்க.