கூண்டு கட்டியவர்கள்

கரூரில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கம். எஞ்சின், சக்கரங்கள், நீண்ட இரும்புச் சட்டம், அதன்மேல் ஒப்புக்கு ஓர் இருக்கை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒருவர் வெயிலிலும் புழுதியிலும் நெடுஞ்சாலையில் ஓட்டி வருவார். எதிர்க்காற்றைத் தடுக்கக் கண்ணாடி கிடையாது, மேலே கூரை கிடையாது. அந்த சேஸிஸ் பட்டறைக்குள் நுழைந்தால் பேருந்தாகத்தான் வெளியே வரும். என் பெரியப்பா அப்படி ஒரு பட்டறையில் தகடு அடித்தவர். கூண்டு கட்டுகிற வேலை என்பார்கள் எங்கள் வீட்டில்.

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் கிழக்குக் கரையில், பழைய கார்களைச் சீரமைக்கும் பட்டறை ஒன்றுக்குப் போன சனிக்கிழமை சென்றேன். உள்ளே நுழைந்ததும் நினைவு நேராகக் கரூருக்குத்தான் போனது. நடுக்கூடத்தில் நின்றது 1930களின் பிரெஞ்சுக் கார், டெலாஹே 135. மேலுடல் முழுவதையும் கழற்றிவிட்டு வெறும் சேஸிஸாக வைத்திருந்தார்கள்.

இரண்டாம் உலகப் போருக்கு முன் ஐரோப்பாவில் பெரும்பணக்காரர்கள் கார் வாங்கிய முறையே இதுதான். கம்பெனியிடம் வாங்குவது எஞ்சினும் சேஸிஸும். ரோல்ஸ் ராய்ஸ்கூடப் போர் முடியும்வரை சொந்தமாகக் கூண்டு கட்டி விற்றதில்லை. வாங்கியவர் அதைப் பாரிஸில் ஃபிகோனி எ ஃபலாஸ்கியிடமோ சவுட்சிக்கிடமோ, லண்டனில் பார்க்கரிடமோ ஹூப்பரிடமோ அனுப்புவார். படம் வரைந்து, அளவெடுத்து, அவருக்கென்றே ஓர் உடல் கட்டித் தருவார்கள். கரூருக்கு சேஸிஸ் அனுப்பும் பேருந்து முதலாளி செய்வதும் அதையேதான். இந்த ஒற்றுமையை நான் சொன்னபோது அங்கிருந்த தகட்டு வேலைக்காரர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார். எழுபது வயதை நெருங்குபவர். கைப்பேசியில் கரூர்ப் பட்டறைப் படம் ஒன்றைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

மேலுடலின் எலும்பு மரம். ஆஷ் மரம், கிரிக்கெட் ஸ்டம்பு செய்கிற அதே மரம். வளைந்து கொடுக்கும், அதிர்ச்சியைத் தாங்கும். எண்பது ஆண்டுகளுக்குமேல் ஈரம் குடித்ததில் கதவுச் சட்டங்கள் உளுத்துப்போயிருந்தன. ஓர் இளம்பெண் உளுத்த துண்டை மாதிரியாக வைத்துப் புதியதைச் செதுக்கிக்கொண்டிருந்தார். கான்சஸ் மாநிலத்து மெக்ஃபர்சன் கல்லூரியில் படித்தவர். 1976 முதல் பழைய கார் சீரமைப்பைப் பாடமாகவே கற்றுத்தரும் கல்லூரி அது. இந்தக் கைவேலைக்குப் பட்டம் கொடுக்கிறார்கள் என்று கேட்டதில் எனக்கு உண்மையாகவே பொறாமை.

தகட்டு வேலையைத்தான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். அலுமினியத்தை அடிக்க அடிக்க அது இறுகும். இறுகியபின் அடித்தால் விரிசல் விடும். நடுநடுவே சூடேற்றி இளக்க வேண்டும். இரும்பென்றால் சிவந்து காட்டும். அலுமினியம் நிறம் மாறாமல் இருந்து, 660 டிகிரியில் சட்டென்று உருகி ஓட்டையாகிவிடும். அந்தப் பெரியவர் என்ன செய்தார் தெரியுமா? முதலில் அசிட்டிலீனை மட்டும் பற்றவைத்துத் தகடு முழுவதும் கரி படியவிட்டார். பிறகு ஆக்சிஜனைத் திறந்து சுடரை மெல்ல நகர்த்தினார். எந்த இடத்தில் கரி எரிந்து மறைகிறதோ அந்த இடம் பதத்துக்கு வந்துவிட்டது. சுடர் உடனே நகர்ந்தாக வேண்டும். வெப்பமானி எதுவும் இல்லை.

இளகிய தகட்டை மணல் நிரப்பிய தோல் மூட்டைமேல் வைத்துக் கொட்டாப்புளியால் அடித்தார். குழிகுழியாகக் கசங்கியது. பார்ப்பவருக்குத் தகடு வீணாகிவிட்டது என்றே தோன்றும். அதை இரண்டு உருளைகளுக்கு நடுவே கொடுத்து முன்னும் பின்னுமாக இழுக்க, ஒவ்வோர் இழுப்பிலும் குழிகள் அடங்கி, மட்கார்டின் வளைவு எழுந்து வந்தது. பிறகு பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு கண்களை மூடித் தடவினார். பளபளப்பில் கண் ஏமாந்துவிடுமாம். பெரியப்பாவும் பட்டி பூசுவதற்கு முன் இப்படித்தான் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். அவருக்குக் கையுறை ஏது, இடுப்புத் துண்டுதான்.

முன்பக்க மட்கார்டு ஒன்றுக்கே ஐந்து வாரம் ஆனதாம். பழைய மட்கார்டுகள் இரண்டையும் அளந்தபோது இடதும் வலதும் ஒன்றுபோல் இல்லை. அன்று ஆளுக்கொரு பக்கம் அடித்திருக்க வேண்டும் என்றார். அந்த வேறுபாட்டை அப்படியே வைத்திருக்கிறார். அது சரியான முடிவு. இரண்டையும் ஒன்றாக்கியிருந்தால் அந்த இரண்டு மனிதர்களையும் அழித்ததாகியிருக்கும்.

அவர்கள் யார் என்பதற்கு அடையாளம் உண்டா என்று கேட்டேன். இருக்கைக்கு அடியில் இருந்த மரத்துண்டு ஒன்றைக் காட்டினார். பென்சிலில் கூண்டின் எண் இருந்தது. பெயர் இல்லை. உங்கள் பெயரையாவது கட்டுரையில் போடலாமா என்றேன். வாடிக்கையாளர்கள் விரும்பமாட்டார்கள், வேண்டாம் என்றார்.

இத்தகைய பழைய கார்களுக்கென்று கலிஃபோர்னியாவின் பெபிள் பீச்சில் ஆகஸ்டுதோறும் நடக்கும் புகழ்பெற்ற போட்டியில் 2012இல் டெக்சாஸ் சேகரிப்பாளர்களின் 1928 மெர்சிடிஸ் 680எஸ் முதற்பரிசு பெற்றது. கூண்டு சவுட்சிக் கட்டியது. 2021இல் வென்றது, இந்த வளைகுடாப் பகுதியின் பெட்டலூமாவைச் சேர்ந்த ஆர்துரோ, டெபோரா கெல்லர் தம்பதியின் 1938 மெர்சிடிஸ் 540கே ஆட்டோபான் கூரியர். கண்புரையை உறிஞ்சி எடுக்கும் கருவியை 1917இல் உருவாக்கிய பார்சிலோனா மருத்துவர் இக்னாசியோ பராக்கர் அந்தக் காரின் முதல் உரிமையாளர். அவர் குடும்பத்திடமே 2004 வரை இருந்தது. சொந்தக்காரர் பெயர் தெரியும், கூண்டுக் கம்பெனி பெயர் தெரியும். தகடு அடித்தவர் பெயர் எந்தப் பரிசுப் பலகையிலும் இல்லை.

சென்னையில் 1840இல் தொடங்கிய சிம்சன் கம்பெனியும் குதிரை வண்டிக்குக் கூண்டு கட்டித்தான் வளர்ந்தது. அங்கே 1903இல் சாமுவேல் ஜான் கிரீன் நீராவியில் ஓடும் கார் ஒன்றைக் கட்டினார். கிரீன் பெயர் வரலாற்றில் நின்றது. அந்தக் காருக்கு மரம் இழைத்தவர்களும் தகடு வளைத்தவர்களும் நம் ஊர்க்காரர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அவர்களை யாரும் எழுதி வைக்கவில்லை.

பேருந்துக்கு மரக்கூண்டு கட்டிய தலைமுறையில் சிலர் கரூரில் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் தெருவில் அப்படி ஒரு மேஸ்திரி இருந்தால் இந்த ஆண்டே போய் அருகில் உட்காருங்கள். எந்த மரம், எந்த உளி, எத்தனை நாள் என்று கேளுங்கள். எழுதும்போது அவர் பெயரை முதல் வரியில் எழுதுங்கள்.