ஒருமித்த நேரம்

தச்சநல்லூரில் ஞாயிறு உச்சியை அடையும்போது, கடிகாரம் பன்னிரண்டைக் கடந்து சராசரியாக 19 நிமிடம் ஆகியிருக்கும். உச்சிவேளை ஊருக்கு ஊர் வேறு. ஆதலின் பொது நேரம் வேண்டியதாயிற்று. முன்பு இருப்புப்பாதைகள் சென்னை நேரத்தைப் பின்பற்றின. 1906-இல் இந்தியப் பொது நேரம் வந்தது. ஒற்றைப் பாதையில் நிலையக் கடிகாரங்கள் முரண்படின் உயிருக்கே கேடன்றோ?

கணிப்பொறிகளின் நிலையும் அதுவே. நேரம் பிறழின் முன்செய்த பதிவு பின்னதாகத் தோன்றும், கணக்குப் பொய்க்கும். விண்டோஸ், லினக்ஸ் என இயக்குதளங்கள் வேறாயினும், அவை யாவும் நேரங்காக்கும் கணிப்பொறி ஒன்றை வினவும். வினா சென்று விடை மீளும் தாமதத்தில் பாதியைக் கூட்டித் தம்மைத் திருத்திக்கொள்ளும். 1985-இல் டேவிட் மில்ஸ் வகுத்த நெறி இது.

தன் பிழையைக் கேட்டறிந்து திருத்திக்கொள்ளுதல் கருவிக்கு அழகெனின், மாந்தர்க்கு எத்துணை அழகு!