விலாசம் பார்த்து

எங்கள் வாசகசாலை மாடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. ஸ்கான் செய்த பழைய இதழ்களும், அடுத்த இதழின் புரூஃப் பக்கங்களும் அதில்தான். அறையிலுள்ள மற்ற கம்ப்யூட்டர்கள் இன்டர்நெட்டுக்குப் போவதும் அதன் வழியாகத்தான். அதற்குக் காவல் போடும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. பி.ஏ. ஆங்கிலம் படித்த வங்கி குமாஸ்தாவுக்கு இதில் என்ன யோக்யதை என்று யாரும் கேட்கவில்லை. தடித்த ஆங்கிலக் கையேட்டைக் கொட்டாவி விடாமல் படிக்கக்கூடியவன் என்ற அபிப்பிராயம் போதுமானதாக இருந்தது.

லினக்ஸில் ஓடும் ஷோர்வால் என்ற ஃபயர்வால். டாம் ஈஸ்டெப் என்பவர் எழுதியது. அதன் பார்வையில் உலகம் மண்டலங்களாகப் பிரிந்து கிடக்கிறது. காவல் யந்திரம் தானே ஒரு மண்டலம், வெளியே இன்டர்நெட் ஒன்று, உள்ளே இருப்பவர்கள் ஒன்று. எதிலிருந்து எதற்குப் போகலாம் என்பதை ஒரு ஃபைலில் வரிசையாக எழுதிவிட வேண்டும். ஒரு கம்பிக்கு ஒரு மண்டலம் என்றால் சிக்கல் இல்லை. எங்களுக்கு உள்ளே ஒரே கம்பி. அதில் ஆசிரியர் குழுவும் உண்டு, சும்மா வந்துபோகிறவர்களும் உண்டு. கம்பியை வைத்துப் பிரிக்க முடியாதபோது விலாசத்தை வைத்துப் பிரிக்க வேண்டும். அதற்கென்று ஹோஸ்ட்ஸ் என்று தனி ஃபைல் இருக்கிறது. இன்ன மண்டலம், இன்ன கம்பி, இன்ன விலாசங்கள் என்று அதில் எழுத வேண்டும்.

உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் 192.168.1.0/24. அதற்குள் ஆசிரியர் குழு 192.168.1.0/27. விலாசம் என்பது 32 பிட்டுகள். சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எண், முன்னாலிருந்து எத்தனை பிட்டுகள் மாறாமல் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. 27 போக மிஞ்சுவது 5. ஐந்து பிட்டுகளில் 32 விலாசங்கள். சிறிய மண்டலம் பெரியதற்குள் அடங்கியிருப்பதால், மண்டலங்களின் பட்டியலில் சிறியதை முதலில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் பெரியது எல்லோரையும் முதலிலேயே வாரிக்கொண்டுவிடும். இந்த நுட்பத்தைச் சரியாகச் செய்துவிட்டேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்தேன். எங்கள் குழுவில் மூத்தவர், பள்ளி ஆசிரியர், கவிஞர். "எனக்குக் கடைசி நம்பர் எதுவோ அதைக் குடுங்க தம்பி, போதும்" என்றார். 32 கொடுத்தேன்.

அந்த மாதம்தான் அவருடைய தொகுப்புக்கு நான் எழுதிய மதிப்புரை வெளிவந்திருந்தது. கடுமையான மதிப்புரை. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த இதழில் வரவிருந்த அவருடைய கவிதைக்கு அவரே புரூஃப் பார்ப்பதாக ஏற்பாடு. நாங்கள் எல்லோரும் போனபின், ராத்திரி ஒன்பது மணிக்குமேல் வந்து உட்காருவது அவர் வழக்கம். கேள்வி எதுவும் வரவில்லை, திருத்தமும் வரவில்லை. அவருக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு இதழை அச்சுக்குக் கொடுத்துவிட்டோம். கவிதையில் இரண்டு பத்திகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. எங்கே மூச்சு விட வேண்டுமோ அங்கே மூச்சு இல்லை.

வேறு எதற்காகவோ காவல் யந்திரத்தின் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது ராத்திரிகள். ஒவ்வொன்றிலும் 192.168.1.32 என்ற விலாசம் வந்து தட்டியிருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் டிராப்.

யந்திரம் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. 32 விலாசங்கள் என்றால் 0 முதல் 31 வரை. வங்கியில் டோக்கன் 1-லிருந்துதான் ஆரம்பம். நானும் அப்படியே எண்ணிவிட்டேன். 32 அடுத்த வீட்டின் முதல் எண். அவருக்கு இன்டர்நெட் முழுதும் திறந்திருந்தது. எங்கள் புரூஃப் மட்டும் திறக்கவில்லை.

இதை எண்ணிக்கைப் பிழை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் ஷோர்வாலில் மறுப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ரிஜெக்ட் என்றால் உனக்கு அனுமதி இல்லை என்று பதில் போகும். டிராப் என்றால் பதிலே கிடையாது. வந்தவன் காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போக வேண்டியதுதான். கூட வந்த மாதிரி ஃபைலில், வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு டிராப், மற்றதற்கெல்லாம் ரிஜெக்ட் என்றுதான் இருந்தது. அந்தக் கடைசி வரியை டிராப் என்று மாற்றியவன் நான். கண்டிப்பாக இருக்கட்டுமே என்று நினைத்தேன். ரிஜெக்ட் என்று விட்டிருந்தால் முதல் ராத்திரியே அவருக்கு மறுப்பு தெரிந்திருக்கும். மறுநாள் வந்து கேட்டிருப்பார்.

போய்ச் சொன்னேன். 0, 31, /27 எல்லாம் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். பள்ளி ஆசிரியர் என்பதால் கணக்கு உடனே புரிந்துவிட்டது.

"கணக்கு சரி தம்பி. நான் என்ன நெனச்சேன்னா, திட்டி எழுதியாச்சு, இனி பேச்சு எதுக்குன்னு வெச்சுட்டீங்கன்னு. திட்டினது பரவால்ல. அது பதில்தானே."

இல்லவே இல்லை என்றேன். அவர் நம்பினாரா என்பது தெரியவில்லை. எனக்கே அது எவ்வளவு தூரம் நிஜம் என்று யோசிக்க வேண்டியிருந்தது.

விலாசம் பார்த்துப் பிரிப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் படிக்க வேண்டாம். எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் போதும். வேகமான முறை, மோசமான முறை என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் விலாசம் ஆளைச் சொல்வதில்லை. 192.168 என்று ஆரம்பிக்கும் விலாசங்கள் 1994-லிருந்து யார் வேண்டுமானாலும் தங்கள் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கப்பட்டவை. எத்தனையோ வீடுகளில் இதே எண் இருக்கும். எங்கள் அறைக்கு வருகிற ஒரு பையன் தன் யந்திரத்துக்கு 31 என்று போட்டுக்கொண்டால் அந்த நிமிஷம் அவன் ஆசிரியர் குழு. ஒன்பது ராத்திரி தட்டிய கவிஞர் அந்நியர்.

வீட்டுக்கு வந்து என் மதிப்புரையை மறுபடி படித்தேன். தொகுப்பைப் பற்றிய என் அபிப்பிராயம் மாறவில்லை. ஆனால் முதல் பக்கம் முழுதும் அவர் எந்த ஊர்க்காரர், எந்தக் கோஷ்டியோடு பழகியவர், யார் முன்னுரை கொடுத்தார்கள் என்பதாகவே இருக்கிறது. கவிதை இரண்டாம் பக்கத்தில்தான் வருகிறது.

கடைசி வரியை ரிஜெக்ட் என்று திருப்பி எழுதிவிட்டேன். அவருக்கு 30 கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். கவிதையைப் பத்தி பிரித்து இந்த இதழில் மறுபடி போடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார்.