வடித்த நீருக்கு ஓர் இடம்

வடித்தல் என்னும் சொல்லுக்குத் தமிழில் வேலைகள் பல. சிற்பி சிலை வடிக்கிறான். புலவன் கவிதை வடிக்கிறான். கொல்லன் வடித்துக் கூராக்கியது வடிவேல். ஆனால் இச்சொல் அன்றாடம் புழங்கிய இடம் அடுப்படிதான். சோறு வடித்தால் கஞ்சி கிடைக்கும். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் அந்தக் கஞ்சிக்குப் பங்காளிகள் இருந்தார்கள். உப்பிட்டுக் குடிக்கக் கொஞ்சம், பருத்திச் சேலைக்குப் போடக் கொஞ்சம், மிச்சம் மாட்டுக்கு. அரிசி களைந்த நீர் கழுநீர்ப் பானைக்குப் போகும். பாத்திரம் துலக்கிய நீர் வாழைக்குப் போகும். வீட்டை விட்டு வெளியேறும் நீர் எதுவாயினும் அதை ஏற்றுக்கொள்ள ஓர் உயிர் காத்திருந்தது.

அந்த ஒழுங்குக்குள் அடங்காத ஒரு வடிநீரை எனக்குக் காட்டியது எங்கள் பழைய கார். அதன் கூலன்ட்டை வீட்டிலேயே வடித்து மாற்றுவது என் வழக்கம். தமிழ் நடத்துகிறவனுக்கு இந்த வேலை எதற்கு என்று துறை நண்பர்கள் கேட்பதுண்டு. ஒரு பொருளின் உள்ளே என்ன ஓடுகிறது என்று அறியும் ஆசைக்குப் பாடப்பிரிவு கிடையாது என்பதே என் விடை.

கூலன்ட் என்பது பெரும்பாலும் பாதி நீர், பாதி எத்திலீன் கிளைக்கால். கூடவே துருவைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் சிறிதளவு, ஒரு சாயம். சரிபாதிக் கலவை சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ் வரை உறையாது. பனி உறையாத நம் ஊருக்கு இதனால் என்ன பயன் எனலாம். அது நீரைவிட உயர்ந்த வெப்பத்தில் கொதிக்கிறது; ரேடியேட்டரின் அழுத்த மூடி அக்கொதிநிலையை இன்னும் உயர்த்துகிறது. சித்திரை வெயிலில் மலைப்பாதை ஏறும் எஞ்சினுக்கு இது வேண்டும். துருத்தடுப்புப் பொருள்களோ ஆண்டுகள் செல்லச் செல்லத் தீர்ந்துபோகின்றன. கிளைக்கால் அப்படியே இருக்கும், காவல் மட்டும் போயிருக்கும். அதனால்தான் மாற்றுகிறோம்.

வேலை எளிது, பொறுமைதான் தேவை. வண்டி இரவு முழுதும் நின்று ஆறியிருக்க வேண்டும். சூடான எஞ்சினின் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், அழுத்தத்தில் அடைபட்டிருந்த கொதிநீர் முகத்தில் பாயும். விடியற்காலையில் ரேடியேட்டரின் அடியில் அகன்ற தட்டை வைத்து, அங்குள்ள வடிகால் திருகைக் கையால் தளர்த்தினால் முதலில் மெல்லிய இழையாக வரும். பிறகு மேல்மூடியைத் திறந்தால் காற்று உட்புக, இழை தாரையாகிவிடும். பச்சையாக ஊற்றியது பழுப்பேறி வருவதைப் பார்க்கும்போது, எஞ்சின் தன் ஆண்டுகளைச் சொல்வதுபோல் இருக்கும். பின்னர்க் காய்ச்சி வடித்த நீரை நிரப்பி, எஞ்சினைச் சிறிது ஓடவிட்டு, ஆறியபின் மீண்டும் வடிக்க வேண்டும். ஆழ்குழாய் நீர் ஆகாது. அதன் உப்பு உள்ளே படியும். அலசிய நீரும் வடித்ததைப் போலவே நஞ்சுதான்.

சென்ற முறை தட்டு நிறைந்திருந்தபோது அம்மா வாளியோடு வந்தாள். “ஏய்யா, இத வாழைக்கு ஊத்திரட்டுமா?” அவள் வளர்ந்த உலகத்தின் கேள்வி அது. ஆகாது என்றேன். “அப்ப மாட்டுக்காரங்க யாருக்காச்சும்?” அதுவும் ஆகாது என்றேன். வாயிலில் படுத்திருந்த தெருநாய் மோப்பம் பிடித்து எழுந்து வந்தது. தட்டை உடனே உயரத்தில் தூக்கி வைத்தேன்.

ஏனெனில் அது இனிக்கும். கிளைக்கால் என்னும் பெயருக்குள்ளேயே இனிப்பைக் குறிக்கும் கிரேக்க வேர் இருக்கிறது. ஒரு தேக்கரண்டி அளவு ஒரு பூனையைக் கொல்லப் போதும். உள்ளே சென்றதும் கல்லீரல் அதை அமிலங்களாக மாற்றுகிறது. அவற்றுள் ஒன்றான ஆக்சாலிக் அமிலம் உடலின் கால்சியத்தோடு சேர்ந்து படிகங்களாகிச் சிறுநீரகத்தை அடைத்துவிடுகிறது. இதன் உறவுப் பொருளான டைஎத்திலீன் கிளைக்கால் கலந்த மருந்தால் 1937இல் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் பல குழந்தைகளைப் பலிகொண்ட இருமல் மருந்திலும் அதுவே இருந்தது. அம்மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்.

தெருமுனை மெக்கானிக்கிடம் கேட்டேன். “சாக்கடையில ஊத்திருங்க சார், எல்லாரும் அப்படித்தான்” என்றார். எங்கள் சாக்கடைக்குத் தாமிரபரணிக்குப் போகும் வழி தெரியும். கிளைக்கால் நாளடைவில் சிதைந்துவிடும் என்பது உண்மையே. ஆனால் சிதையும்போது நீரின் உயிர்வளியை எடுத்துக்கொள்கிறது. எஞ்சினிலிருந்து அது கரைத்துவந்த உலோகங்களோ சிதைவதில்லை. எப்படி வடிப்பது என்று எல்லாரும் சொல்லித்தருகிறார்கள். எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடுகிறது.

மூடியுள்ள கேனில், கழிவு எண்ணெயோடு கலக்காமல் சேர்த்தேன். முதலில் கேட்ட பணிமனை மறுத்துவிட்டது. இரண்டாவது பணிமனை, தங்கள் கழிவோடு சேர்த்து உரிமம் பெற்றவர்களிடம் அனுப்புவதாகச் சொல்லி, மறுவாரம் கொண்டுவரச் சொன்னது. அதுவரை கேன் பரண்மேல் இருந்தது.

“யாருக்குமே ஆகாத தண்ணிய எதுக்குய்யா இனிப்பாச் செஞ்சான்?” என்று அம்மா கேட்டாள். யாரும் செய்யவில்லை, அதன் இயல்பே அது என்றேன். அமெரிக்காவில் தயாரிப்பாளர்கள் கசப்புப் பொருள் ஒன்றைச் சேர்க்க 2012இல் ஒப்புக்கொண்டதையும் சொன்னேன். நான் வாங்கிய டப்பாவில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை.

கேனின்மேல் ‘கூலன்ட்’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா பார்த்துவிட்டு, “அது யாருக்கு வெளங்கும்? வெசம்னு எழுது” என்றாள். எழுதினேன்.