ஒரு கிலோமீட்டர் வட்டமும் ஏழு பிள்ளைகளும்

சிங்கப்பூரில் பிள்ளைக்கு ஆறு வயது நடக்கும்போது பெற்றோர் எல்லாரும் நில அளவையாளர் ஆகிவிடுகிறார்கள். வீட்டிலிருந்து பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறதா, ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவிலா, இரண்டைத் தாண்டியா? தொடக்கநிலை ஒன்றில் இடத்தைவிட விண்ணப்பம் அதிகமாக வந்தால் குடியுரிமை உள்ளவர்களுக்கு முதலிடம், நிரந்தரவாசிகளுக்கு அடுத்தது. அதற்குள் இந்தத் தூரக் கணக்கு. அப்படியும் கூட்டம் என்றால் கணினிக் குலுக்கல்.

இது புதுக் கதையும் இல்லை, இந்த ஊருக்கு மட்டும் உரியதும் இல்லை. இந்தியாவின் 2009 கல்வி உரிமைச் சட்டத்தை ஒட்டிவந்த விதிகளிலும் தொடக்கப்பள்ளிக்கு அதே ஒரு கிலோமீட்டர்தான். தனியார் பள்ளிகளில் ஒதுக்கும் 25 விழுக்காட்டு இடங்களுக்குக் கூட்டம் அதிகமானால் அங்கேயும் குலுக்கல்தான். பக்கத்துப் பள்ளி என்ற சொல்லைக் கேட்டால் எளிமையாக இருக்கிறது. பக்கம் என்பது எதற்குப் பக்கம் என்று யாரும் சொல்வதில்லை.

இங்கே பதிவு கட்டம் கட்டமாக நடக்கும். முதலில் அதே பள்ளியில் அண்ணனோ அக்காவோ படிக்கும் பிள்ளைகள். 2ஏ கட்டத்தில் பழைய மாணவர்களின் பிள்ளைகள். 2பி கட்டத்தில் பள்ளியில் தொண்டூழியம் செய்த பெற்றோர், பள்ளியோடு தொடர்புள்ள தேவாலயத்தையோ குலச்சங்கத்தையோ சேர்ந்தவர்கள், சமூகத் தலைவர்கள். எந்தத் தொடர்பும் இல்லாதவர்களுக்கு 2சி. 2022ஆம் ஆண்டுப் பதிவிலிருந்து ஒவ்வொரு பள்ளியும் 2பிக்கு 20 இடமும் 2சிக்கு 40 இடமும் ஒதுக்கிவைக்க வேண்டும். நானும் மனைவியும் தமிழ்நாட்டில் படித்தவர்கள். எங்களுக்கு இங்கே பழைய பள்ளி கிடையாது, குலச்சங்கமும் கிடையாது. 2சிதான் எங்கள் வாசல்.

நாங்கள் இருப்பது கேலாங் ஈஸ்டில் ஒரு வீவக புளோக்கில். "கேலாங்கிலயா பிள்ளைய வளர்க்கிறீங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் மனதில் இருப்பது இரட்டைப்படை லோரோங்குகளின் சிவப்பு விளக்கு. நாங்கள் நடமாடும் கேலாங்கில் டுரியான் கடைகள், தவளைக் கஞ்சிக் கடைகள், மாடிக்கு மாடி தொழிலாளத் தம்பிகள் தங்கும் கடைவீடுகள், ஆர்ச்சர்ட் சாலையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த சிவன் கோயில் எல்லாம் உண்டு. 1924இல் மெதடிஸ்ட் மிஷனால் தொடங்கப்பட்ட பள்ளி ஒன்று இன்றும் இந்த வட்டாரத்தின் பெயரோடு நடந்துகொண்டிருக்கிறது. பிள்ளை வளர்ந்த பேட்டைதான் இது.

வரைபடத்தில் வட்டம் போட்டபோதுதான் வேறொன்று கண்ணில் பட்டது. கில்லமார்ட் சாலையில் இருக்கும் கோங் ஹுவா பள்ளியும் கொஞ்சம் தள்ளி உபியில் இருக்கும் மகா போதிப் பள்ளியும் பெற்றோர் விரும்பும் பள்ளிகள். இரண்டும் சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகள். சீனமொழிப் பள்ளிகளின் மரபைக் காப்பாற்ற 1979இல் உயர்நிலைப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்த திட்டம் அது. அங்கே தாய்மொழிப் பாடம் என்றால் சீனம் மட்டும். அந்தப் பள்ளிகள் தங்கள் வேலையை நன்றாகச் செய்கின்றன, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு சீனக் குடும்பத்துக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கும் ஒரே புளோக்கில் ஒரே மாடியில் வீடு இருந்தாலும் அவர்களுடைய ஒரு கிலோமீட்டர் வட்டம் ஒன்றல்ல. எங்கள் வட்டத்தில் ஓட்டை இருக்கிறது.

நல்ல பள்ளி எது என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு பள்ளியும் நல்ல பள்ளி என்பது கல்வி அமைச்சு பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் வாசகம். தொடக்கநிலை இறுதித் தேர்வில் முதலிடம் பெற்றவர்களின் பெயரை வெளியிடுவது 2012இல் நின்றது. தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் மதிப்பெண் சேரும் தேர்வுகள் 2019 முதல் இல்லை. இதெல்லாம் நல்லதுக்குத்தான். எண்கள் எடுக்கப்பட்ட இடத்தில் பெற்றோர் வேறொரு எண்ணைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்கள்: எத்தனை இடத்துக்கு எத்தனை பேர் போட்டி. அமைச்சு கட்டவாரியாக அதை வெளியிடுகிறது. ஆனால் அந்த எண் மற்ற பெற்றோர் எதை விரும்புகிறார்கள் என்று மட்டும்தான் சொல்லும். வகுப்பறைக்குள் நடப்பது அதில் இருக்காது.

என் கேள்வியை மாற்றியது எங்கள் புளோக்கில் ஐந்தாம் மாடியில் இருக்கும் அக்கா. அவர் மகன் படித்த பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லை. பள்ளி முடிந்ததும் வேறொரு பள்ளிக்குப் பேருந்தில் போய்த் தமிழ் படித்துவிட்டு மாலையில் வீட்டுக்கு வருவான்.

"அவன் நல்லாத்தான் படிச்சான் தம்பி. மார்க்கும் வந்துச்சு. ஆனா தமிழ்னாலே அவனுக்கு பஸ்தான் ஞாபகம் வருது. கூடப் படிக்கிற பசங்க எல்லாம் கால்பந்து விளையாடுற நேரத்துல இவன் பஸ்ல தூங்கிட்டுப் போவான். தமிழ் ஏதோ தண்டனை மாதிரி ஆயிடுச்சு."

அன்றிலிருந்து எந்தப் பள்ளி என்பதைவிட, என் மகளின் தமிழ்ப் பாடம் எங்கே, எத்தனை மணிக்கு, யாரோடு நடக்கும் என்பதுதான் என் கேள்வியாக இருந்தது. ஒரு பள்ளி தமிழ் கற்பிக்கிறதா என்று அமைச்சின் பள்ளித் தேடல் பக்கத்திலேயே பார்த்துவிடலாம். மற்றவற்றை நேரில் போய்த்தான் கேட்க வேண்டும். தமிழ்ப் பாடம் பள்ளி நேரத்துக்குள்ளேயே வருகிறதா? தமிழாசிரியர் இந்தப் பள்ளிக்கே உரியவரா, வந்து போகிறவரா? வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? பள்ளியின் பொதுவிருப்பு நாளில் ஒரு பள்ளியில் போய்க் கேட்டேன். அது பெற்றோர் அடித்துக்கொள்ளும் பள்ளி இல்லை. தமிழாசிரியை சிரித்துக்கொண்டே சொன்னார்: "இங்கேயேதான் சார் நடக்குது, காலையிலேயே. தொடக்கநிலை ஒன்னுல இந்த வருஷம் ஏழு பேர்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி கேட்டாள்: "ஏழு பேர்ல இவளுக்கு ஒரு ஃப்ரெண்டுகூட கிடைக்கலேன்னா என்னங்க செய்வோம்?" லிட்டில் இந்தியா பக்கமோ, தமிழ்ப் பிள்ளைகள் கூடுதலாகப் படிக்கும் வேறு பேட்டைக்கோ வீடு மாறலாம் என்பது அவள் யோசனை. அதிலும் நியாயம் இருந்தது. இடைவேளையில் பிள்ளைகள் தமிழில் சண்டை போட்டுக்கொள்ளும் பள்ளியில் மொழி தானாகவே ஒட்டிக்கொள்ளும். ஏழு பேர் மட்டும் தாய்மொழிப் பாட வேளையில் எழுந்து வேறு அறைக்குப் போகும் பள்ளியில், தான் சின்னக் கூட்டம் என்பதைப் பிள்ளை ஒவ்வொரு நாளும் கற்றுக்கொள்ளும். அதையும் நினைத்துப் பார்த்தேன்.

ஆனால் சின்னக் கூட்டம் என்பது பள்ளியில் மட்டுமா இருக்கிறது? 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிங்கப்பூர் இந்தியர்களில் சுமார் 37 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ். 2020இல் அது 27 விழுக்காடு. ஆங்கிலம் 59ஐத் தொட்டுவிட்டது. தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு 2005லேயே பேச்சுத்தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவரச் சொன்னதற்குக் காரணம் இதுதான்: வீட்டில் கேட்காத பேச்சை பள்ளியாவது காதில் போட வேண்டும். அப்படியென்றால் ஏழு பேர் கொண்ட வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பேச வாய்ப்பு கிடைக்கும். முப்பது பேர் வகுப்பில் வாயே திறக்காமல் ஒரு வருடத்தை ஓட்டிவிடலாம்.

இங்கே தமிழ்வழிப் பள்ளிகள் இருந்த காலமும் உண்டு. கடைசியாக எஞ்சியிருந்த உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. அதற்குப் பூட்டுப் போட யாரும் தனியாக வர வேண்டியிருக்கவில்லை. பிள்ளையின் எதிர்காலத்தை நினைத்து ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக எடுத்த நியாயமான முடிவுகள் சேர்ந்து வகுப்பறைகள் காலியாகிவிட்டன. அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை, என் மகளும் ஆங்கிலத்தில்தான் கணக்குப் படிக்கப் போகிறாள். ஆனால் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது தனிக் குடும்ப விஷயம் மட்டும் இல்லை என்று அந்த வரலாறு சொல்கிறது. பக்கத்துப் பள்ளியில் ஏழு பேர் இருப்பதால்தான் அங்கே ஓர் ஆசிரியை இருக்கிறார். எல்லாரும் தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் உள்ள இடத்துக்குக் கிளம்பினால் ஏழு ஐந்தாகும், ஐந்து மூன்றாகும். பிறகு கடைசிப் பிள்ளை பேருந்து ஏறும்.

நாங்கள் அந்தப் பள்ளிக்கே விண்ணப்பித்தோம். குலுக்கல் தேவைப்படவில்லை. நட்பைப் பற்றிய மனைவியின் கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. அதை மகள்தான் ஜனவரியில் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். வேறு பேட்டையில் வேறு குடும்பம் வேறு முடிவு எடுக்கலாம். வீட்டில் தமிழே புழங்காத குடும்பத்துக்குக் கூட்டம் அதிகமுள்ள பள்ளிதான் பொருத்தமாக இருக்கும். வேலை முடிந்து இருவரும் இரவு எட்டு மணிக்கு வரும் வீட்டுக்கு மாணவர் பராமரிப்பு நிலையம் உள்ள பள்ளிதான் முதல் தேவை. எதுவானாலும் போட்டி எண்களைப் பார்ப்பதற்கு முன் பள்ளிக்குள் போய் அந்த மூன்று கேள்விகளையும் கேட்டுவிடுங்கள்: எங்கே, எத்தனை மணிக்கு, யாரோடு. பதில் சொல்பவர் காலையிலேயே என்றால் பாதி கவலை குறையும். ஏழு பேர் என்றால், எட்டாவது யார் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.