பெட்ரோலும் ஒரு பாட்டு கிளாஸும்

பி.காம். படித்தது நான், வீட்டுக் கணக்கு எழுதுவது மனைவி. போன வருஷம் ஒரு நாள் நோட்டை என் முன்னால் வைத்தாள். "பெட்ரோலுக்கே மாசம் 2,250 ரூபாய்ங்க. பாப்பா பாட்டு கிளாஸை நிறுத்திடட்டுமா? ஃபீஸ் 400 மிச்சம்." கதவோரம் பாப்பா நின்றிருந்தாள்.

சுருக்கென்றது. மறுநாளே பைக்கை மெக்கானிக்கிடம் விட்டேன். "லிட்டருக்கு 40-தான் தருது. பழசாயிடுச்சோ?"

என் பின்னால் உட்கார்ந்து ஒரு ரவுண்டு வந்தவர், "வண்டி நல்லாத்தான் சார் இருக்கு. நீங்கதான் சரியில்லை" என்றார். வலது கால் எந்நேரமும் பிரேக் மேல். இடது கை பாதி கிளட்சில். சிவப்பு சிக்னல் தெரிந்தும் முறுக்கிக்கொண்டு போய் சடாரென்று நிறுத்துவது. டயரில் பாதிக் காற்று. குற்றப்பத்திரிகை நீண்டது!

இப்போது வாராவாரம், டயர் சூடாகும் முன் காலையிலேயே காற்று பார்க்கிறேன். நீண்ட சிக்னலில் இன்ஜின் ஆஃப். தெருமுனைப் பால் பாக்கெட்டுக்கு நடராஜா சர்வீஸ். தாம்பரத்திலிருந்து கிண்டி ஆபீஸுக்குப் பத்து நிமிஷம் முன்னதாகக் கிளம்பி, 45-ஐத் தாண்டாமல் போகிறேன். நம்மையும் முந்திப் போய் சிலர் முறைக்கிறார்கள். அடுத்த சிக்னலில் பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.

மைலேஜ் 50 ஆகிவிட்டது. மாசம் 900 கிலோமீட்டருக்கு இருபத்திரண்டரை லிட்டர் குடித்த வண்டி, இப்போது 18 லிட்டரோடு சரி. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் மிச்சம் 450. ஃபீஸ் போக 50 ரூபாய் லாபம்!

ராத்திரி பாப்பா சரளி வரிசை பாடுகிறாள். சுருதி இன்னும் சேரவில்லை. பரவாயில்லை, கணக்கு சேர்ந்துவிட்டதே!